காரீயமும் உலர் உராய்வுநீக்கிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒன்றையொன்று தொட்டு இயங்கும் இரண்டு பரப்புகளுக்கிடையே உராய்வு தோன்றுதல் இயற்கை. அது சக்தியை வீணாக்குகின்றது, வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது, ஈற்றில் பரப்புகளையே தேய்த்து அழிக்கின்றது. இதனைத் தடுத்தற்கு மக்கள் தொன்றுதொட்டுக் கையாண்டுவந்த வழி நெய்ப்பொருளைப் பூசுதலாகும். வண்டில் அச்சுக்கு வைக்கோற்கரியை எண்ணெயிற் குழைத்து மசகாக இட்ட நம் முன்னோரும், நீராவி இயந்திரத்துக்கு விலங்குக் கொழுப்பை இட்ட மேனாட்டாரும் செய்தது இதுவே.

ஆயினும் எண்ணெய் எங்கும் பயன்படுவதன்று. உலையின் அருகே அது எரிந்து கரியாகும், கடுங்குளிரில் உறைந்துவிடும், புழுதி மிக்க இடத்தில் மணலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அரமாக மாறும், வெற்றிடத்தில் ஆவியாகிப் போகும், பெருஞ்சுமையின் கீழ் இரு பரப்புகளுக்கும் இடையிலிருந்து பிதுங்கி வெளியேறும். இத்தகைய இடங்களில் உலோக உறுப்புகளைக் காப்பது உலர்படல உராய்வுநீக்கி. ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்களவே தடிப்புள்ள திண்மப் பூச்சு அது. துப்பாக்கியின் உறுப்பு முதல் மோட்டார் வண்டியின் முசலம் வரை, பூட்டு முதல் விண்கலம் வரை அது இன்று பயன்படுகின்றது. இம்மெல்லிய படலத்தின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. அதனை உணர்தற்கு முதலில் உராய்வு பற்றிய பழைய ஆராய்ச்சியை நோக்குதல் வேண்டும்.

உராய்வின் விதிகள்

உராய்வை அளந்தறிய முயன்றவருள் முதல்வராக இத்தாலியரான லெயொனார்டோ டா வின்சியைக் கூறலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தம் குறிப்பேடுகளில் இரண்டு உண்மைகளை எழுதிவைத்தார். உராய்வு விசை சுமைக்கு ஏற்பக் கூடும் என்பது ஒன்று. தொடுபரப்பின் அளவைப் பொறுத்து அது மாறாது என்பது மற்றொன்று. ஆனால் அக்குறிப்புகள் அச்சேறாமற் கிடந்தமையால் உலகம் அவற்றால் உடனே பயன்பெறவில்லை. 1699 இல் பிரெஞ்சு அறிஞர் அமொந்தன் அதே விதிகளைத் தாமாகவே கண்டு பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். 1785 இல் வெளிவந்த தம் ஆய்வினாற் கூலோம் அவற்றை மேலும் உறுதிப்படுத்தினார்.

விதிகள் கிடைத்தன, காரணம் கிடைக்கவில்லை. பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒன்றிலொன்று சிக்குவதே உராய்வு என்று அக்காலத்தார் பெரும்பாலும் கருதினர். அங்ஙனமாயின், நன்கு துலக்கிய பரப்புகளில் உராய்வு மறைந்துவிட வேண்டும். உண்மையில் மிகத் துப்புரவாக்கிய இரு உலோகப் பரப்புகள் வழுக்கிச் செல்லாது ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இம்முரணுக்கு விடை காண இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கிடையில் தொழிலாளரோ, காரணம் அறியாமலே, வழுக்குந் தன்மை வாய்ந்த ஒரு கருந்திண்மத்தைப் பயன்படுத்திவந்தனர்.

பெயரில் நேர்ந்த மயக்கம்

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பலாந்துப் பகுதியிலுள்ள பொரோடேல் என்னும் இடத்தில் தூய காரீயம் அகப்பட்டது. அயலிலிருந்த இடையர் அதனைக் கொண்டு தம் ஆடுகளுக்குக் குறியிட்டனர். பின்னர் அது எழுதுகோலுக்குப் பயன்பட்டதைப் பலரும் அறிவர். அதனினும் அரசுக்கு முக்கியமாயிருந்த பயன் வேறொன்று. பீரங்கிக் குண்டுகளை வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் காரீயத்தைப் பூசினால், வார்த்த குண்டு ஒட்டாமல் எளிதிற் கழன்று வந்தது. உலர்ந்த படலமொன்றை உலோகத்தொழிலில் வேண்டுமென்றே பயன்படுத்தியமைக்கு இது பழைய சான்றுகளுள் ஒன்று. அப்பொருளின் மதிப்பு எத்தகையது என்பதற்கு, அதனைச் சுரங்கத்திலிருந்து திருடுவோரைக் கடுமையாகத் தண்டித்தற்கென 1752 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியமையே போதிய சான்றாகும்.

ஆனால் அப்பொருள் யாதென்பதை அக்காலத்தார் அறிந்திலர். ஈயம் போன்று கறுத்து மினுங்கியமையால் அதனை ஈயத்தின் ஓர் இனமென்றே கருதினர். ஆங்கிலேயர் அதனைக் கருநிற ஈயம் என்றனர். ‘பிளம்பாகோ’ என்னும் பெயரோ ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. தமிழிலும் இதே மயக்கத்தின் சுவட்டைக் காணலாம். பழைய வழக்கிற் காரீயம் என்றது ஈயத்தையே. வெள்ளீயம் என்றது தகரத்தை. பிற்காலத்தில் இலங்கைத் தமிழர் சுரங்கத்திலிருந்து வந்த இக்கருங்கனியத்துக்கும் காரீயம் என்னும் பெயரையே வழங்கினர். ஈயம் ஓரணுவேனும் இல்லாத பொருள் மூன்று மொழிகளிலும் ஈயத்தின் பெயரைத் தாங்கி நின்றது.

இம்மயக்கத்தைத் தெளிவித்தவர் சுவீடனில் மருந்துக் கடை நடத்திய இரசாயன அறிஞர் காள் வில்லெம் சீலே ஆவார். காரீயத்தைப் போலவே கறுத்து, வழுவழுப்பாய், தாளிற் கோடு கிழிக்கும் மற்றொரு கனியமும் அக்காலத்திற் காரீயம் என்றே கருதப்பட்டுவந்தது. 1778 இல் சீலே அதனைச் சோதித்து, அது கந்தகத்தோடு ஓர் அறியப்படாத உலோகம் சேர்ந்த பொருளென்று காட்டினார். அடுத்த ஆண்டில் உண்மையான காரீயம் காபனின் ஒரு வடிவமே என்றும் நிறுவினார். 1781 இல் அவருடைய நண்பர் யெல்ம் அப்புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு இடப்பட்ட மொலித்தனம் என்னும் பெயரும் ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்ததே.

மக்கள் வெறும் மயக்கத்தாற் சேர்த்தெண்ணிய இவ்விரு கனியங்களே பின்னர் உலர் உராய்வுநீக்கிகளுள் தலையாயவையாக அமைந்தன. சேர்க்கையால் அவை முற்றிலும் வேறானவை. ஆயினும் கையால் தொட்டுணர்ந்தவர்கள் கண்ட ஒற்றுமை பொய்யன்று. அதன் காரணம் பளிங்கமைப்பிற் புதைந்து கிடந்தது.

இலங்கைச் சுரங்கங்கள்

பொரோடேற் சுரங்கம் வற்றத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகச் சந்தையில் இலங்கைக் காரீயம் முதலிடம் பெற்றது. பிற நாடுகளில் அது பெரும்பாலும் பாறையிற் செதில்களாய்ச் சிதறிக் கிடக்க, இலங்கையில் பாறைப் பிளவுகளை நிரப்பிய நாளங்களாக அகப்பட்டது. அதன் தூய்மை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டது. சிறந்த துண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதையும் எட்டியது. கேகாலைப் பகுதியின் போகலையும் குருநாகற் பகுதியின் ககட்டகஹ, கொலங்கஹ என்பனவும் பேர்பெற்ற சுரங்கங்கள்.

தொடக்கத்திற் குழிகள் கையாலேயே தோண்டப்பட்டன. காட்டுமரங்களைக் கொடிகளாற் பிணைத்த ஏணிகளில் தொழிலாளர் இருளில் இறங்கி ஏறினர். வெளிக்கொணர்ந்த காரீயம் கொழும்புக் கொட்டில்களிற் பெண்களாலும் ஆண்களாலும் தெரிந்து, துலக்கி, துண்டு, சில்லு, தூள் எனத் தரம் பிரித்து மிடாக்களில் அடைக்கப்பட்டது. இவ்வணிகத்தாற் செல்வம் ஈட்டிய குடும்பங்கள் பின்னர் நாட்டின் அரசியலிலும் இடம்பெற்றன. இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் தந்தையார் தொன் ஸ்பேற்றர் சேனநாயக்க காரீயத்தினாற் பொருள் சேர்த்தவர்களுள் ஒருவர்.

இக்கனியத்தை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவருள் கலையுலகம் நன்கறிந்த ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர் என்பது பலர் அறியாத செய்தி. கலை வரலாற்றாசிரியராகப் புகழடைவதற்கு முன் அவர் புவிச்சரிதவியல் கற்றவர். இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை 1900 ஆம் ஆண்டில் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பின்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராகவும் அவர் கடமையாற்றினார்.

இலங்கையிலிருந்து சென்ற காரீயத்தின் பெரும்பகுதி உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்தற்கே பயன்பட்டது. 1827 இல் அமெரிக்காவில் யோசப்பு டிக்சன் தொடங்கிய தொழிலகமும், 1856 இல் இலண்டனின் பற்றர்சீயில் தோன்றிய மோகன் மூசைத் தொழிலகமும் இத்துறையிற் பெயர்பெற்றவை. எஞ்சிய பகுதி அடுப்புத் துலக்கும் பொருளாகவும், எழுதுகோலாகவும், உராய்வுநீக்கியாகவும் சென்றது. முதலாம் உலகப் போரின்போது ஏற்றுமதி உச்சமடைந்தது. 1916 இல் அது 30,000 தொன்னைத் தாண்டியது. போர் முடிந்ததும் மடகாசுக்கரின் செதிற் காரீயம் மலிவாகச் சந்தைக்கு வந்தது. விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் பல மூடப்பட்டன. எஞ்சிய பெருஞ் சுரங்கங்கள் 1971 இல் அரசுடைமையாயின.

அச்சிசன் கண்ட முறை

போட்டி மடகாசுக்கரிலிருந்து மாத்திரம் வரவில்லை, ஆய்வுகூடத்திலிருந்தும் வந்தது. அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் 1890 களில் மின்னுலையில் சிலிக்கன் காபைட்டை ஆக்கியவர். அதனை மிகையாகச் சூடேற்றியபோது சிலிக்கன் ஆவியாகிச் செல்ல, தூய காரீயம் எஞ்சி நின்றது. 1896 இல் செயற்கைக் காரீயத்துக்கு அவர் ஆக்கவுரிமை பெற்றார்.

ஆயினும் காரீயத் தூளை உராய்வுநீக்கியாகப் பயன்படுத்துவதில் ஓர் இடர் இருந்தது. நீரிலோ எண்ணெயிலோ இட்டால் அது அடியில் மண்டியது. இதற்கு அச்சிசன் கண்ட வழி சுவையானது. எகிப்தில் இசிரவேலர் செங்கல் அறுக்க வைக்கோல் வேண்டினர் என்னும் விவிலியச் செய்தி அவர் நினைவுக்கு வந்தது. வைக்கோல் நாருக்காக மாத்திரம் இடப்பட்டதா, அன்றி அதிலிருந்து ஊறிய சாறு களிமண்ணை மாற்றியதா என்று வினவி, அவர் சோதனைகள் செய்தார். தனின் கலந்த நீர் களிமண்ணின் துகள்களை மிக நுண்ணியனவாகப் பிரித்து நிறுத்துவதைக் கண்டார். பின்னர் 1906 அளவில் அம்முறையையே காரீயத்துக்கும் கையாண்டார். துகள்கள் மண்டாமல் நீரில் மிதந்து நின்றன. நீர் உலர்ந்ததும் உலோகத்தின்மேல் ஒரே சீரான கரும்படலம் எஞ்சியது. தூவுதல், தேய்த்தல் என்னும் நிலையிலிருந்து பூசுதல் என்னும் நிலைக்கு உலர் உராய்வுநீக்கி வளர்ந்தது இங்ஙனமே.

அதே 1906 இல் இங்கிலாந்தின் பர்மிங்கமில் தோமசு கொசுலெற்று என்பவர் இரும்பைத் துருவினின்று காத்தற்குப் பொசுபேற்றுப் பூச்சுமுறை ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இவ்விரு கண்டுபிடிப்புகளுக்கும் அன்று தொடர்பில்லை. ஆனால் பொசுபேற்றுப் படை நுண்ணிய பளிங்குகளாலானது; அதன் இடுக்குகளில் உராய்வுநீக்கி புகுந்து பற்றிக்கொள்ளும். எனவே பிற்காலத்தில் உருக்கு உறுப்புகளுக்கு உலர்படலம் இடுவதற்கு முன் பொசுபேற்றுப் படை இடுதல் வழக்கமாயிற்று.

படலத்தின் தத்துவம்

1920 களில் எக்சு கதிர்கள் பளிங்குகளின் உள்ளமைப்பை வெளிப்படுத்தின. 1923 இல் டிக்கின்சனும் போலிங்கும் மொலித்தனம் இருசல்பைட்டின் அமைப்பையும், 1924 இல் பேர்ணல் காரீயத்தின் அமைப்பையும் தெளிவாக்கினர். இரண்டும் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. காரீயத்தில் ஒரே ஏட்டிலுள்ள அடுத்தடுத்த காபன் அணுக்களின் தூரம் 1.42 அங்சுற்றொம், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடைத்தூரமோ 3.35 அங்சுற்றொம். ஏட்டினுள்ளே பிணைப்பு வலிது, ஏடுகளுக்கிடையே மெலிது. ஆதலின் சுவடிக்கட்டிலுள்ள ஏடுகள் போல அவை ஒன்றன்மேலொன்று நழுவுகின்றன. சேர்க்கையால் வேறான இரு கனியங்களும் தொடுகையில் ஒன்றாகத் தோன்றியதன் காரணம் இதுவே.

உலோகத்தின் பக்கத்து உண்மையைக் கேம்பிரிச்சில் ஆராய்ந்த பௌடனும் தேபரும் விளக்கினர். தசுமேனியாவிற் பிறந்தவரான பௌடன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மெல்பேணில் இத்துறைக்கென ஓர் ஆய்வுகூடம் நிறுவினார். 1950 இல் வெளியான அவ்விருவரது நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. எவ்வளவு துலக்கினாலும் இரு பரப்புகள் சில முகடுகளில் மாத்திரமே உண்மையிற் றொடுகின்றன என்றும், அம்முகடுகள் பெரும் அமுக்கத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்றும், அவ்வொட்டுகளை வெட்டி அறுக்கும் விசையே உராய்வின் பெரும்பங்கு என்றும் அவர்கள் காட்டினர். இதிலிருந்து ஒரு வழி புலப்பட்டது. கடிய உலோகத்தின்மேல் மெல்லிய, எளிதில் அறுபடும் படலம் ஒன்றை இடின், சுமையைக் கடிய உலோகம் தாங்கும். அறுபடுதல் மெல்லிய படலத்தில் நிகழும். படலம் தடித்தால் இந்நன்மை குறையும். நன்மை மெல்லிய தன்மையிலேயே இருக்கின்றது.

வானில் நேர்ந்த தோல்வி

ஏடுகள் நழுவுகின்றன என்பதோடு காரீயத்தின் கதை முடிந்திருந்தால் வரலாறு எளிதாயிருக்கும். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரே பறக்கத் தொடங்கியபோது எதிர்பாராத ஓர் இடையூறு தோன்றியது. தரையில் நெடுநாள் உழைத்த மின்பிறப்பாக்கியின் காபன் தூரிகைகள் வானின் உயரத்தில் விரைவிலே தூளாய்த் தேய்ந்தன. அமெரிக்க ஆய்வாளர் சவேச்சு இதனை ஆராய்ந்து 1948 இல் முடிவை வெளியிட்டார். காரீயம் தானாகவே வழுக்குவதன்று. வளியிலுள்ள நீராவி அதன் ஏடுகளின் விளிம்புகளிற் படிந்திருக்கும் வரையிலேயே வழுக்குகின்றது. உயரே வளி உலர்ந்ததாகையால் அக்குணம் அற்றுப்போயிற்று.

இக்குறையை நிரப்ப வந்தது சீலே பிரித்துக் காட்டிய மற்றைக் கனியம். 1941 இல் பெல், பின்லே என்னும் இருவர் மொலித்தனம் இருசல்பைட்டு வெற்றிடத்திற் சுழலும் தாங்கிகளுக்கு ஏற்றதென அறிவித்தனர். காரீயத்துக்கு ஈரம் வேண்டும்; இதற்கோ ஈரம் பகை. போர் முடிந்த பின் கிளீவுலாந்திலிருந்த அமெரிக்க வானூர்தி ஆய்வுகூடத்தில் யோன்சன், கொட்புறே, பிசன் ஆகியோர் இதன் இயல்புகளை முறையாக அளந்தனர். தூளை உலோகத்தோடு பிணைக்கத் தக்க பசையைத் தேடிய அவர்கள் சோளப்பாகையும் சோதித்தனர். பாகோடு கலந்து பூசிச் சூடேற்றியபோது அது இறுகிய பிசினாகித் தூளைப் பற்றிக்கொண்டது. பின்னர் செயற்கைப் பிசின்கள் அவ்விடத்தைப் பெற்றன.

மூன்றாவது பொருளொன்று தற்செயலாகக் கிடைத்தது. 1938 ஏப்பிரல் 6 ஆம் நாள் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் உறோய் பிளங்கெற்று திறந்த உருளையிலிருந்து எதிர்பார்த்த வாயு வெளிவரவில்லை. உருளையின் நிறையோ குறையவில்லை. அதனை அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெண்மையான மெழுகு போன்ற தூள் இருந்தது. அப்பல்பகுதியமே பின்னர் டெப்லோன் என்னும் வணிகப் பெயரால் உலகறிந்ததாயிற்று. உலர்ந்த உருக்கின்மேல் உருக்கு வழுக்கும்போது உராய்வுக் குணகம் 0.6 அளவினதாக, டெப்லோனுக்கு அது 0.04 அளவுக்கும் இறங்குகின்றது. எனினும் பெருஞ்சுமையையும், 260 பாகை சதமத்துக்கு மேற்பட்ட வெப்பத்தையும் அது தாங்காது. அதன் உற்பத்தியில் உதவிய புளோரீன் சேர்மம் ஒன்று நீரிலும் உடலிலும் நெடுங்காலம் தங்குவதெனக் கண்டு, 2019 இல் சுட்டொக்கோம் உடன்படிக்கை அதனை விலக்கற்பாலவற்றுட் சேர்த்தது.

பூசும் முறை வண்ணம் பூசுவதை ஒத்தது. ஆனால் கவனம் மிக வேண்டுவது. உறுப்பின் எண்ணெய்ப்பசை முற்றாக நீக்கப்படும். நுண்மணல் வீச்சினாற் பரப்பு சற்றுச் சொரசொரப்பாக்கப்படும். உருக்காயின் பொசுபேற்றுப் படையும், அலுமினியமாயின் ஒட்சைட்டுப் படையும் இடப்படும். பின்னர் தூளும் பிசினும் கலந்த கலவையைத் தெளித்து, உலையிற் சூடேற்றி இறுகச் செய்வர். கைரேகை ஒன்றின் எண்ணெய் எஞ்சியிருப்பினும் அவ்விடத்திற் படலம் உரிந்துபோகும். பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பூச்சுக்கு முன் செய்த துப்புரவே என்பது இத்தொழிலாளர் கண்ட அனுபவம்.

கலிலியோ விண்கலம்

உலர்படலத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது கலிலியோ விண்கலத்தின் வரலாறு. வியாழனை ஆராய்தற்கென அமெரிக்கா ஆக்கிய இக்கலத்தின் பேரலைவாங்கி 4.8 மீற்றர் விட்டமுடையது. பதினெட்டு விலாக்களோடு குடைபோல் மடிக்கப்பட்டது. விலாக்களைத் தாங்கிய தைத்தேனியம் ஊசிகளுக்கு மொலித்தனம் இருசல்பைட்டுப் படலம் இடப்பட்டிருந்தது. 1986 இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்து எழுவர் மாண்டதனாற் பயணம் பிற்போடப்பட்டது. கலம் கலிபோணியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே பாரவண்டியிற் பலமுறை கொண்டுசெல்லப்பட்டது. 1989 ஒற்றோபரில் அது விண்ணேறியது. 1991 ஏப்பிரலில் அலைவாங்கியை விரிக்க முயன்றபோது சில விலாக்கள் விடுபடவில்லை. நெடுவழிப் பயணத்தின் அதிர்வினால் ஊசிகளிலிருந்த படலம் தேய்ந்து, வெற்றிடத்தில் உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொண்டது என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு.

எஞ்சியது சிறிய அலைவாங்கி ஒன்றே. செக்கனுக்கு 1,34,000 துணுக்குச் செய்திகளை அனுப்பக் கருதியிருந்த கலம், மிக மெல்லப் பேச வேண்டியதாயிற்று. பொறியியலாளர் செய்திகளைச் சுருக்கி அனுப்பும் முறைகளை வகுத்து, 1995 திசம்பரில் வியாழனை அடைந்த கலத்தைக் கொண்டு திட்டத்தின் பெரும்பகுதியை நிறைவேற்றினர். 2003 செத்தெம்பரில் அது வியாழனின் வளிமண்டலத்துட் புகுந்து அழிந்தது. வெற்றிடத்துக்கென ஆக்கிய படலம் வெற்றிடத்திற் கெடவில்லை. விண்ணேறுமுன் தரைவழியிலேயே கெட்டது என்பது இங்கு நோக்கற்பாலது.

வரலாறு உணர்த்துவது

உராய்வு, தேய்வு, உராய்வு நீக்கம் ஆகியவற்றை ஒரே துறையாகக் கற்க வேண்டுமென்பதை 1966 இல் பிரித்தானியாவில் வெளியான யோசுற்று அறிக்கை வற்புறுத்தியது. அத்துறையறிவைச் செம்மையாகப் பயன்படுத்தின் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் 51.5 கோடிப் பவுண் மிஞ்சும் என அது கணித்தது. ஒரு நாட்டின் செல்வம் கண்ணுக்குத் தெரியாத தேய்வினாற் கரைகின்றது என்பதை அரசினர் எண்களால் உணர்ந்தது அப்போதுதான்.

இவ்வரலாற்றில் இலங்கை பெற்ற பங்கு சிந்திக்கத்தக்கது. உலகின் மிகத் தூய காரீயம் இந்நாட்டு மண்ணிலிருந்து மிடா மிடாவாகக் கப்பலேறியது. ஆனால் அதனை மண்டாமல் மிதக்கச் செய்த முறையும், அதன் ஏடுகளை அளந்த அறிவும், ஈரமின்றி அது வழுக்காதென்ற தெளிவும் பிற நாட்டு ஆய்வுகூடங்களிற் பிறந்தன. கனியம் விலை வீழ்ந்தபோது சுரங்கம் மூடப்பட்டது. அறிவு பெற்றவரோ காரீயம் பயன்படாத இடத்தில் மொலித்தனத்தையும், அதுவும் பயன்படாத இடத்தில் பிறிதொன்றையும் தேடிக்கொண்டனர். தூய பொருள் கையிலிருத்தல் நற்பேறு. அதன் இயல்பை வினவி அறிதலே நிலைத்த செல்வம். குமாரசுவாமி தொடக்கிவைத்த அவ்வினவுதலை அவருக்குப் பின் வரும் இளைஞர் தொடர்தல் வேண்டும். இரசாயனமும் பௌதிகமும் பயிலும் மாணவர் தம் எழுதுகோலின் கருங்கோட்டை நோக்கும்போது, தாளின்மேல் நழுவிப் படிந்த அந்த ஏடுகளே பெரும் பொறிகளையும் தாங்குகின்றன என்பதை எண்ணிப்பார்த்தல் நன்று.